ரவைத் தோட்டாவும் சோனா மசூரியும்

அத்தியாயம் ஆறு

உலகத்தில் இதுவரை துப்பறிந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே ஒரு குறை இருந்தது என்றும், அந்தக் குறை இல்லாமல் பிறந்த முதல் ஆள் தான்தான் என்றும் வாஞ்சிநாதன் அறிவித்தபோது அவன் வாயில் பாதிச் சமோசா இருந்தது. மீதிப் பாதியைக் கையில் பிடித்தபடி, கார் ஜன்னலுக்கு வெளியே ஓடும் டெக்சஸைப் பார்த்துச் சொன்னான்.

"கெஞ்சறதுதான்டா அந்தக் குறை. எல்லாரும் கடைசில எங்கயாவது ஒரு இடத்துல, யார்கிட்டயாவது கெஞ்சிடறாங்க. உண்மை கையில இருக்கறவன் எதுக்குக் கெஞ்சணும்? உண்மையை மேஜை மேல வெச்சுட்டுத் தள்ளி நின்னா போதும். மிச்சத்தை அது பார்த்துக்கும்."

காரை ஓட்டிக்கொண்டிருந்த கதிர் சிரிக்கவில்லை. சிரித்தால் வாஞ்சிநாதன் விளக்க ஆரம்பித்துவிடுவான். "சரி பாஸ். உண்மை வர்ற வரைக்கும் அந்தச் சட்னியை என் சீட்ல சிந்தாம இருங்க," என்று மட்டும் சொன்னான்.

வாஞ்சிநாதன் வார நாட்களில் ரவுண்ட் ராக்கில் ஒரு கம்பெனியில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது வேலை. சனி ஞாயிறுகளில் அதையே மனித குலத்துக்குச் செய்தான். பொங்கல் விழாவில் காணாமல் போன குக்கர் மூடியையும், ஒரு ரிசப்ஷனில் மாறிப்போன செருப்புகளையும் கண்டுபிடித்ததிலிருந்து ஆஸ்டின் வட்டாரத் தமிழர்களிடையே அவனுக்கு ஒரு பெயர் உண்டாகியிருந்தது. அது என்ன பெயர் என்பதைக் கதிர் அவனிடம் சொன்னதில்லை. கதிர் ஆஸ்டினில் எம்.எஸ். படிக்கிறவன். உதவியாளர் பதவி உண்மையில் அவனுடைய பழைய கொரோலாவுக்குத்தான் கிடைத்தது. கார் தனியாகப் போகாது என்பதால் இவனும் கூட வந்தான்.

இந்த முறை குக்கர் மூடி இல்லை. துப்பாக்கி. வாஞ்சிநாதன் என்று பெயர் வைத்துக்கொண்டு துப்பாக்கியின் எந்தப் பக்கம் சுடும் என்று தெரியாத ஒரே ஆளிடம் அந்தக் கேஸ் போய்ச் சேர்ந்திருந்தது.

கீழக்கரை ஸ்டோர்ஸ், ஒரு வரிசைக் கடைக் கட்டடத்தில் கடைசிக்கு முந்தைய கடை. கடைசிக் கடையில் நாகலக்ஷ்மி ஆன்ட்டி குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு நடத்துகிறார். நடுவில் இருப்பது அமெரிக்கச் சுவர், அதாவது அட்டை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து வாழ்த்து வரும்.

அந்தச் சனிக்கிழமை காலை நாகலக்ஷ்மி ஆன்ட்டி வார இறுதி வகுப்பைத் திறந்தபோது அந்தச் சுவரில் ஒரு துளை இருந்தது. எதிர் அலமாரியில் சுருதிப் பெட்டியின் வயிற்றில் இன்னொரு துளை. பெட்டிக்குள்ளே ஓர் ஈயக் குண்டு. சுவர்த்துளை இருந்த இடம், குழந்தைகள் வரிசையாகச் சாய்ந்து உட்காருகிற இடம். உயரம், உட்கார்ந்த குழந்தையின் தலை உயரம். குண்டு வந்த நேரத்தில் வகுப்பு இல்லை என்பதால் சுருதிப் பெட்டியோடு போயிற்று.

ஆன்ட்டி நேரே பக்கத்துக் கடைக்கு வந்து, யார் சுட்டது என்று கேட்டார். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த உஸைர், "நான்தான் ஆன்ட்டி," என்று சொல்லிவிட்டான்.

உஸைர், கடைக்காரர் ஷம்சுதீனின் அக்கா மகன். எச்-1 விசாவில் வந்த புரோகிராமர். சனிக்கிழமைகளில் மாமாவுக்கு ஒத்தாசையாக மூட்டை தூக்குவான். மனைவி ஹபீஸா ஆன்ட்டியைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, ஷம்சுதீன் இதையெல்லாம் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி, குரலை உயர்த்தாமல் சொன்னார். கட்டடத்தின் மேனேஜர் ஐந்து மணிக்கு வருகிறார். நாகலக்ஷ்மி ஆன்ட்டி துளையைக் காட்டுவார். மேனேஜர் போலீஸைக் கூப்பிடுவார். 'நான்தான்' என்ற பையன் அவர்களிடமும் அதையே சொல்லுவான்.

"அவன் சுடல தம்பி. கொசு பேட்டைப் பிடிச்சாலே அவனுக்குக் கை நடுங்கும். ஏன்டா அப்படிச் சொன்னேன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குறான்." ஷம்சுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு அடுத்த மாசம் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. என் பேரையும் துப்பாக்கியையும் ஒரே வரியில எழுதினா போதும். அதுக்கு மேல அவங்க படிக்க மாட்டாங்க. ஆனா நான் போனாலும் பரவால்ல. அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கடையில் துப்பாக்கி வந்த கதையை வாஞ்சிநாதன் கேட்டான். பின்னால் இருந்த வயலை அழித்து வீடு கட்ட ஆரம்பித்ததும், அங்கே பரம்பரையாகக் குடியிருந்த எலிகள் அரிசிக்கு இடம் மாறின. ஒட்டுப் பலகை வைத்தார். எலி பலகையோடு நடந்து போனது. கூண்டு வைத்தார், வேர்க்கடலை வெண்ணெயைத் தின்றுவிட்டுக் கூண்டை நன்றாக வைத்துவிட்டுப் போனது. விஷம் வைக்க முடியாது. செத்த எலி எந்த மூட்டைக்குள் கிடக்கிறது என்று மூக்கால்தான் தேட வேண்டும். சாப்பாட்டுக் கடையில் அது ஆகாது. கூரை ரிப்பேருக்கு வந்த டெக்சஸ்காரர், இதற்குப் போய் ஏன் கஷ்டப்படுகிறீர்கள் என்று கேட்டுத் துப்பாக்கிக் கடைக்கு வழி சொன்னார்.

தேங்காய் எண்ணெய் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் துப்பாக்கி இருந்தது. மெலிந்த, சாதுவான இருபத்திரண்டு காலிபர் ரைபிள். பக்கத்தில் இரண்டு சின்னப் பெட்டிகளில் தோட்டாக்கள். ஒன்றில் இருந்தவற்றுக்கு முனையைக் கொழுக்கட்டை போல மடித்து மூடியிருந்தது. மற்றதில் இருந்தவை ஈய மூக்கு வைத்த சாதாத் தோட்டாக்கள். மடித்த முனைதான் எலிக்கு என்றார் ஷம்சுதீன். சாதாப் பெட்டி, பழகிப் பார்க்கக் கடைக்காரன் சேர்த்துக் கொடுத்தது. அதைத் தான் தொட்டதே இல்லை என்றார். அந்தப் பெட்டியில் ஒரு வரிசை காலியாக இருந்தது.

அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. வாஞ்சிநாதன் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டான். பிறகு ஒரு சாதாத் தோட்டாவை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "தடயம்," என்றான்.

காலையில் தானும் உஸைரும் பக்கத்துக் கடைக்குப் போய், நாகலக்ஷ்மி ஆன்ட்டி முன்னால் கையைக் கட்டி நின்று கேட்டுப் பார்த்ததாகவும், அவர் கதவைச் சாத்திவிட்டதாகவும் ஷம்சுதீன் சொன்னார்.

"கையைக் கட்டி நின்னா எந்தக் கேஸும் முடியாது அங்கிள்," என்றான் வாஞ்சிநாதன். "அதெல்லாம் ஜெமினில அமெரிக்கன் கான்சுலேட் வாசல்ல விசாவுக்குச் செய்யறது."

உஸைர் ஃப்ரீசர் பக்கத்தில் நின்றிருந்தான். மெலிந்த பையன். கேட்கிற கேள்விக்கெல்லாம் தரையைப் பார்த்து, நான்தான் சுட்டேன், விடுங்கள் என்றான். கதிர் மட்டும் ஒன்று கேட்டான்.

"எந்தத் தோட்டா போட்டுச் சுட்டீங்க?"

"துப்பாக்கித் தோட்டாதான்."

கதிர் வாஞ்சிநாதனைப் பார்த்தான். "பாஸ், இவர் சுட்டிருந்தா எலிக்கு ஆயுசு நூறு."

துப்பாக்கிக் கடை, டெய்லர் என்ற ஊருக்குப் போகும் சாலையில், மாட்டுத் தீவனக் கடைக்கும் ஒரு தேவாலயத்துக்கும் நடுவில் இருந்தது. உள்ளே போவதற்கு முன் கதிர் இரண்டு தடவை செருப்பைத் துடைத்தான். கவுன்டரில் இருந்தவர் நரைத்த மீசையும் தோளில் மாட்டிய கால்சட்டைப் பட்டையுமாக ஒரு பெரிய மனிதர். ஷம்சுதீனை நன்றாக நினைவிருந்தது அவருக்கு. 'எலி ஜென்டில்மேன்' என்று அன்பாகச் சொன்னார்.

பத்தடி தூரத்தில் எலி, சுற்றிலும் மூட்டை, பின்னால் சுவர்: இதற்கு என்ன துப்பாக்கி என்று வாஞ்சிநாதன் கேட்டான். அதற்கு அவர் கொடுத்த விளக்கம், அந்த செமஸ்டரில் கதிர் கேட்ட ஆகச் சிறந்த லெக்சர். முதல் வழி, காற்றுத் துப்பாக்கியும் தட்டை மூக்குக் குண்டும். சத்தம் கிடையாது, பக்கத்துக் கடைக்குத் தெரியாது. ஆனால் எலியின் தலையில் படவேண்டும். அதற்குப் பொறுமையும் கண்ணும் வேண்டும். எலி ஜென்டில்மேன் தனக்கு இரண்டும் கிடையாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது, இருபத்திரண்டில் சாதாத் தோட்டா. எலி செத்துவிடும், ஆனால் எலி செத்தது குண்டுக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் போகும். மூட்டை, சுவர், சுவருக்கு அப்பால் இருக்கிறவர் என்று போய்க்கொண்டே இருக்கும். கான்கிரீட் தரையில் பட்டால் திரும்பி வந்து, சுட்டது யார் என்று விசாரிக்கும். மூன்றாவது, அதே துப்பாக்கியில் ரவைத் தோட்டா. ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகப் பொடி ஈய ரவைகள். பத்தடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறும். எலிக்கு அது போதும். சுவரில் பட்டால் பெயின்ட்தான் போகும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் எலிக்கே அது கிச்சுக்கிச்சு மூட்டுவது மாதிரிதான்.

"மூடின இடத்துல கிட்டத்துல சுடறவனுக்கு அதுதான் சரி. அவருக்கு அதைத்தான் கொடுத்தேன்," என்று முடித்தார். கடை என்று ஷம்சுதீன் சொன்னதை அவர் மாட்டுத் தீவனக் கடை என்று நினைத்திருந்தார். மனிதர் தின்கிற அரிசி என்று தெரிந்திருந்தால் காற்றுத் துப்பாக்கியையே தலையில் கட்டியிருப்பேன் என்றார்.

ஒரு ரவைத் தோட்டாவை இடுக்கியால் திறந்து, உள்ளே இருந்ததைக் கண்ணாடி மேல் கொட்டிக் காட்டினார். கடுகை விடச் சின்னதாக, கறுப்பு உருண்டைகள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல.

நம்மிடமும் ஒன்று இருக்கிறது என்று காட்டிக்கொள்ளும் ஆசையில் வாஞ்சிநாதன் சட்டைப் பையிலிருந்து தன் தடயத்தை எடுத்தான். பெரியவரின் முகத்திலிருந்து அன்பு போய்விட்டது. நீ சிட்டிசனா, மகனே, என்று கேட்டார். இல்லை. கிரீன் கார்டா. இல்லை, எச்-1.

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்தத் தோட்டாவைக் கவுன்டரில் வைத்துவிட்டுக் கையை எடு என்றார். தற்காலிக விசாவில் இருக்கிறவன் இந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. தோட்டாவும் கூடாது, ஒற்றைத் தோட்டா கூடக் கூடாது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு, உன்னைப் பார்த்தால் மான் வேட்டைக்காரன் மாதிரி தெரியவில்லை. பிடிபட்டால் அபராதம் இல்லை. ஃபெடரல் கோர்ட், அப்புறம் விமானம்.

வாஞ்சிநாதன் சுடச்சுட எடுத்த அப்பளத்தைப் போடுவது போல அதைப் போட்டான். பெரியவர் கண் அடுத்து கதிர் மேல் விழுந்தது. எஃப்-1, மாணவர் விசா என்று சொல்லிவிட்டு கதிர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

காரில் ஏறினதும், ஏசி இல்லாத அந்த வெக்கையில் கதிர் நாலு ஜன்னலையும் இறக்கினான்.

"அந்த எலி இங்கயே பொறந்தது பாஸ்," என்றான் கதிர். "சிட்டிசன். துப்பாக்கி எடுத்து நம்மைச் சுட அதுக்கு உரிமை இருக்கு."

வாஞ்சிநாதன் சிரிக்கவில்லை. "உஸைருக்கு இது தெரியாதுடா."

கதிருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அந்தக் கடையில் கிரீன் கார்டு வைத்திருக்கிற வேறு யார் 'நான்தான்' என்று சொல்லியிருந்தாலும் அது சுவரில் ஒரு துளை, ஒரு சுருதிப் பெட்டி, மூன்று நாள் முகம் தொங்கல். அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாத ஒரே ஆள் அதைச் சொல்லியிருக்கிறான். ஐந்து மணிக்கு அதையே இன்னொரு தடவை, ஆங்கிலத்தில் சொல்லப் போகிறான்.

கண்ணாடி மேல் உருண்ட அந்தக் கறுப்பு மணிகளைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னவன் கதிர்தான். மரகதம் ஆன்ட்டி வீட்டில் போன வாரம் அவனுக்குச் சாப்பாடு. சாதம் போடும்போது, இந்த ஊர் அரிசியில் கல் கூட உருண்டையாக இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தார். சாம்பார் நன்றாக இருந்ததால் அப்போது கதிர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கார் இப்போது அவர் வீட்டுக்குத் திரும்பியது.

மரகதம் ஆன்ட்டி ஈரோட்டுக்காரர். அமெரிக்காவில் அரிசியைக் கல் பார்க்காமல் களைகிறவர்களைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அது நல்ல அபிப்பிராயம் இல்லை. கணவர் மணியன் இதற்காக அவரைக் கேலி செய்வார். அன்றும் டிவியைப் பார்த்தபடியே செய்தார். அதைப் பொருட்படுத்தாமல் ஆன்ட்டி இவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். கீழக்கரை ஸ்டோர்ஸில் வாங்கின சோனா மசூரி அரிசி மூட்டை. தட்டில் பரப்பினால் கறுப்பாக, உருண்டையாக, கடுகில் பாதி. கரண்டியால் அழுத்தினால் தட்டையாகிறது.

"கல்லு நசுங்குமா கண்ணு? அதுவே எனக்கு ஒரு மாதிரியாப் போச்சுங். மூட்டையோட கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துட்டேன். ஒரு வார்த்தை பேசாம வேற மூட்டை மாத்திக் கொடுத்துட்டாங்க."

வாஞ்சிநாதன் மோரை வைத்துவிட்டு எழுந்தான். அவன் கண்ணில் அந்த வெளிச்சம் வந்துவிட்டது. குக்கர் மூடிக்கும் அப்படித்தான் வந்தது.

"சுட்டது யாருன்னு குண்டு சொல்லாதுடா," என்றான் காரில். "ஏன் அந்தக் குண்டுன்னு கேட்டா சொல்லும். ரவை போட்டா சுவர் தப்பிக்கும், அரிசி கெடும். சாதாக் குண்டு போட்டா அரிசி தப்பிக்கும், சுவர் போகும். சம்பளத்துக்கு இருக்கறவனும் சும்மா உதவிக்கு வர்றவனும் பெட்டில எது மேல இருக்கோ அதை எடுத்துப் போடுவான். பெட்டியை மாத்தினவனுக்கு அரிசில ஈயம் விழறது தெரிஞ்சிருக்கு. சுவரைவிட அரிசி பெருசுன்னு தோணியிருக்கு. அது யாரு?"

"ஓனர்."

"சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ இருக்கற ஓனர்."

அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்ட மனிதர், அக்கா மகனைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டு, அதைக் கண்டுபிடிக்கத் துப்பறிகிறவனையும் கூப்பிட்டிருக்கிறார் என்று நம்புவது கதிருக்குக் கஷ்டமாக இருந்தது. கஷ்டமாக இருந்தது என்பதற்காக ஒரு விஷயம் பொய்யாகிவிடாது என்றும் தெரிந்திருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு ஜோக் சொல்லுகிறவன், காரைக் கடைப் பக்கம் திருப்பினான்.

பின்னறையில் வாஞ்சிநாதன் ஷம்சுதீனையும் உஸைரையும் நிற்கவைத்துச் சொன்னான். நன்றாகவே சொன்னான். மரகதம் ஆன்ட்டியின் தட்டிலிருந்து ஆரம்பித்து, நசுங்கின கல், திருப்பிக் கொடுத்த மூட்டை, இடம் மாறின தோட்டா, சுருதிப் பெட்டி என்று படிப்படியாக வந்து, கடைசியில் ஷம்சுதீனைப் பார்த்து நிறுத்தினான். உண்மையை மேஜை மேல் வைத்துவிட்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்தும் நின்றான்.

ஷம்சுதீன் மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"எந்தக் கல்லு தம்பி?" என்றார்.

கேட்டுக்கொண்டே பக்கத்து மூட்டையின் வாயைப் பிரித்து உள்ளே கையை விட்டார். ஒரு பிடி அரிசியை எடுத்து விளக்கடியில் விரித்துப் பார்த்தார். குண்டு, போலீஸ், இன்டர்வியூ எதுவும் அந்த முகத்தில் இல்லை. உள்ளங்கை அரிசியில் ஒரு கறுப்பு மணி இருந்தது. அதை விரல் நுனியால் தொட்ட மனிதருக்கு அதற்கு முன் அதைப் பற்றி எதுவும் தெரியாது என்பதைப் புரிந்துகொள்ளத் துப்பறிகிறவன் தேவையில்லை. வாஞ்சிநாதனுக்கே புரிந்தது. மரகதம் ஆன்ட்டியிடம் கேட்காமல் விட்ட கேள்வி அப்போதுதான் அவன் முகத்தில் வந்து உட்கார்ந்தது: மூட்டையை யாரிடம் கொடுத்தீர்கள்?

"என்கிட்டதான் கொடுத்தாங்க," என்றது வாசல்பக்கக் குரல்.

கல்லாவை விட்டு எழுந்து வந்து, ஹபீஸா ஆன்ட்டி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அவர் சொன்னது நீளம் இல்லை. மரகதம் அக்கா போனதும் இன்னும் சில மூட்டைகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே ரவை. கணவரிடம் சொன்னால் அவர் அத்தனை மூட்டையையும் தெருவில் கொட்டிவிட்டு, வாங்கினவர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லுவார். சொன்னபின் அந்தக் கடைக்கு யார் வருவார்கள்? ஓட்டை தெரிந்த மூட்டைகளைக் குப்பையில் போட்டார். மற்றதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சல்லடையில் சலித்து, மறுபடி தைத்துக் கொண்டுவந்து வைத்தார். ரவைப் பெட்டியைத் தள்ளிவிட்டு, ஒரே ஒரு குண்டு உள்ள தோட்டாவாகப் பார்த்துத் துப்பாக்கியில் போட்டார். வியாழக்கிழமை ஷம்சுதீன் சரக்கு எடுக்க ஹூஸ்டன் போயிருந்தபோது ஓர் எலி மூட்டை மேல் ஏறியது. சுட்டார்.

"எலி ஓடிருச்சு. நான் மூட்டையைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்ல. அல்ஹம்துலில்லாஹ்ன்னு சந்தோஷப்பட்டேன்." அவர் நிறுத்தினார். "சுவரைப் பார்க்கல. அந்தப் பக்கம் புள்ளைங்க உட்காருவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

காலையில் உஸைர் ஏதோ சொல்லி மன்னிப்புக் கேட்டுச் சரிக்கட்டிவிட்டான் என்றுதான் அவர் நினைத்திருந்தார். குண்டை ஒப்புக்கொண்டால் அரிசியும் வெளியே வரும் என்பதால், அந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உஸைரோ, சுட்டது மாமா என்று நினைத்திருந்தான்.

"மாமாவுக்கு இன்டர்வியூ இருக்கு. எனக்கு என்ன, சாரி சொன்னா முடிஞ்சிடும்னு நெனச்சேன்," என்றான்.

முடியாது என்பதை வாஞ்சிநாதன் அவனிடம் சொன்னான். துப்பாக்கிக் கடைக்காரர் சொன்னதை அப்படியே, இந்த முறை அலங்காரம் எதுவும் இல்லாமல். உஸைர் பக்கத்து மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். ஹபீஸா ஆன்ட்டி அவனைப் பார்த்தார், பிறகு தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்துக் கடைக்குக் கிளம்பினார். ஷம்சுதீன் கடையின் முன்பக்கம் போய், அடுக்கியிருந்த சோனா மசூரி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

நாகலக்ஷ்மி ஆன்ட்டி பாய்களைச் சுவரிலிருந்து தள்ளி, அறையின் நட்டநடுவில் விரித்துக்கொண்டிருந்தார். ஐந்து மணி வகுப்புக்கு இரண்டு குழந்தைகள் முன்பே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆன்ட்டி அவர்களை அதட்டி உள்ளறைக்கு அனுப்பினார்.

ஹபீஸா ஆன்ட்டி, சுட்டது தான்தான் என்று சொன்னார். வாஞ்சிநாதன் காரணத்தை விளக்கினான். அரிசி, ரவை, குண்டு, எல்லாம் வரிசை தப்பாமல். நாகலக்ஷ்மி ஆன்ட்டி கடைசிப் பாயையும் விரித்துக்கொண்டே கேட்டார்.

"காலைல ஒருத்தன் நான்தான்னான். இப்ப இவ வந்து நான்தான்ங்கறா," என்றார் முடிவில். "பையனைக் காப்பாத்த வீட்டுப் பெரியவ தலையைக் கொடுக்கறா. தப்பு சொல்லல. என் வீட்டுப் பையனா இருந்தா நானும் இதைத்தான் பண்ணுவேன். அதனாலதான் நம்ப மாட்டேன்."

மேனேஜருக்கு மத்தியானமே ஃபோன் பண்ணிவிட்டார். அவருடைய ஆன்சரிங் மெஷினில் உஸைர் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிவிட்டார். வருகிறவரிடம் அதையே சொல்லப் போகிறார்.

வாஞ்சிநாதன் திரும்ப ஆரம்பித்தான். மரகதம் ஆன்ட்டியைக் கேட்கலாம் என்றான். அவர் ரவையைப் பார்த்தார், சுட்டதைப் பார்க்கவில்லையே என்றார் நாகலக்ஷ்மி ஆன்ட்டி. எந்தத் தோட்டா என்றே உஸைருக்குத் தெரியவில்லை என்றான். தெரியாமல் எடுத்துப் போட்டதால்தானே இங்கே வந்தது என்றார் அவர். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. எல்லாமே நியாயமான பதில். உண்மை அந்தப் பாய் மேல் கிடந்தது. ஒரு குடும்பம் மத்தியானம் உட்கார்ந்து ஜோடித்த கதை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அதற்கு மேல் அதனால் எதுவும் செய்ய முடியவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பார்க்கிங்கில் ஒரு வெள்ளை டிரக் திரும்பியது. கதவில் கட்டடக் கம்பெனியின் முத்திரை.

வாஞ்சிநாதன் அதைப் பார்த்தான். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினான். உள்ளே வந்தபோது யாரும் கழற்றச் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. காலுறையோடு பாய் ஓரத்தில் போய் நின்று, கையைக் கூப்பினான்.

"ஆன்ட்டி, ப்ளீஸ்," என்றான். பக்கத்தில் நின்ற கதிருக்கே சரியாகக் கேட்கவில்லை. "அவன் பேரை மட்டும் எடுத்துடுங்க. நாங்க சொன்னதை நம்ப வேண்டாம். கடைக்காரங்க ரெண்டு பேரையும் திட்டுங்க, கடையைக் காலி பண்ணச் சொல்லுங்க. அவன் பேர் மட்டும் போலீஸ் வரைக்கும் போக வேண்டாம். ப்ளீஸ் ஆன்ட்டி. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

நாகலக்ஷ்மி ஆன்ட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கு அவன் யாரு?"

"யாரும் இல்ல ஆன்ட்டி," என்றான் வாஞ்சிநாதன். "எனக்கும் அதே விசாதான்."

வெளியே டிரக்கின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நாகலக்ஷ்மி ஆன்ட்டி சுவர்த்துளையை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஹபீஸா ஆன்ட்டி பக்கம் திரும்பினார். "நீதான் சுட்டேன்னு அந்த மேனேஜர் முகத்தைப் பார்த்துச் சொல்லுவியா?"

"சொல்லுவேன் அக்கா. அரிசியையும் சேர்த்துச் சொல்லுவேன்."

"வா. மத்தியானம் ஃபோன்ல நான் ஆளை மாத்திச் சொல்லிட்டேன்னு நானே சொல்றேன்."

இரண்டு பெண்களும் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கினார்கள். கண்ணாடி வழியே பார்த்தபோது, ஹபீஸா ஆன்ட்டிதான் முன்னால் நடந்தார். மேனேஜர் தொப்பியைக் கழற்றினார். ஹபீஸா ஆன்ட்டி தன் மார்பில் கையை வைத்து ஏதோ சொன்னார். மேனேஜர் கடையைப் பார்த்தார், சுவர் பக்கம் பார்த்தார், இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்தார்.

அவர் யாரைக் கூப்பிடுகிறார், எந்தப் பெயரைச் சொல்கிறார் என்று உள்ளே கேட்கவில்லை. கதிர் வாசலில் கிடந்த சின்னச் சின்னச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் வாஞ்சிநாதன், ஆன்ட்டி போன பிறகும், காலியான பாயைப் பார்த்துக் கூப்பிய கையை இறக்காமல் நின்றிருந்தான்.